பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது

போன பங்குனியில் ராமநாதபுரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் இதை வேறொருவர் கையால் எழுத வைக்க மனம் வரவில்லை. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வாலிநோக்கம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகளுக்கு ஐந்து வயது, என்னை அப்பத்தா என்றுதான் கூப்பிடும். கடைவாய்ப் பல் சொத்தையாகி ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண்ணே மூடிக்கொள்ளும் போலிருந்தது. காய்ச்சல் வேறு. தகப்பன் சவுதியில். தாய்க்கோ பேறுகாலம் நெருங்கிவிட்டது, பஸ்ஸில் குலுங்கிப் போக முடியாது. "நீ சும்மா படு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு இளக்காரம்தான். என் பிள்ளைகளையெல்லாம் வீட்டிலேயே பெற்றவள் நான். இந்த வயதிலும் நண்டுக்காலைப் பல்லால் உடைப்பேன். அதை நாலு பேரிடம் சொல்லவும் செய்வேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்ததுமே பிள்ளை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"மாட்டேன். ஊசி போடுவாக. வா அப்பத்தா, வீட்டுக்குப் போவோம்."

அதட்டிப் பார்த்தேன். மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன். டாக்டர் என்னைக் கையமர்த்தினார்.

"சீழை இன்னைக்கே எடுக்கணும். விட்டா வீக்கம் கண்ணுப் பக்கம் ஏறிரும். ஆனா புடிச்சு அமுக்கிச் செஞ்சா, பெறகு எந்த டாக்டருகிட்டயும் வாயைத் தொறக்காது" என்று என் காதோடு சொன்னார். பிறகு பிள்ளையிடம், "நீ ஏற வேணாம்த்தா. மொதல்ல அப்பத்தா ஏறட்டும். அவுகளுக்குப் பயம் இருக்கான்னு பாப்போம்" என்றார்.

"எனக்கென்ன பயம்?" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறிப் படுத்தேன்.

"அய்யே, அப்பத்தா வாயெல்லாம் செவப்பு!" என்று பிள்ளை சிரித்தது. வெற்றிலையும் புகையிலையும்தான். கல்யாணமான நாளிலிருந்து என் வாய் சும்மா இருந்ததில்லை. டாக்டர் விளக்கைப் பிள்ளையின் கையாலேயே போடச் சொன்னார். ஒரு சின்னக் கண்ணாடியை அதன் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்க விட்டார். அதேபோல் இன்னொன்றை என் வாய்க்குள் விட, இரண்டு பேரும் சேர்ந்து என் பற்களை எண்ணினார்கள்.

நடுவில் டாக்டரின் குரல் நின்றுவிட்டது. பிள்ளை மட்டும் எண்ணிக்கொண்டே போனது.

என் இடது கன்னத்தை விரலால் இழுத்துப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். "காரம் பட்டா எரியுமா அப்பத்தா?"

எரியும். குழம்பில் மிளகாயைக் குறைத்து வெகு நாளாகியிருந்தது. வாயும் முன்போல அகலத் திறப்பதில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. என் நாத்தனார் இந்தப் புகையிலையால்தான் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் அவள் குடித்த கஞ்சி கன்னத்து ஓட்டை வழியாக வடியும். அதைத் துடைத்துவிட்டவள் நான்.

விளக்கு வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"அப்பத்தா, வலிக்குதா?"

வீங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு பிள்ளை என் முகத்தையே பார்த்தது. டாக்டரும் என்னைப் பார்த்தார். என் முகம் கொஞ்சம் மாறினாலும் பிள்ளை வாயைத் திறக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

"வலியா? எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி. எறங்கவே மனசு வரல" என்றேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ.

"போதும், எறங்கு. நான் ஏறணும்!"

டாக்டர் ஒவ்வொன்றையும் காட்டிவிட்டே செய்தார். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்றார், சொன்னபடியே நிறுத்தவும் செய்தார். பல்லைத் திறந்து சீழ் எடுத்து முடியும் வரை பிள்ளையின் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. நானும் சிரித்தபடியே நின்றேன்.

பிள்ளையை வெளியே உட்கார வைத்த பிறகுதான் டாக்டர் வாயைத் திறந்தார். "உள்ள வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. அதுல ஒரு துணுக்கு எடுத்துச் சோதிச்சுப் பாத்தாத்தான் என்னன்னு சொல்ல முடியும். பயந்துக்கிட்டு வராம இருந்துறாதீக."

திரும்பும்போது பிள்ளை மடியில் தூங்கிவிட்டது. நான் நாக்கால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தேன். சொரசொரவென்று இருந்தது. இத்தனை நாளும் அது என் வாய்க்குள்தானே இருந்திருக்கிறது!

பிள்ளையின் வீக்கம் வடிந்துவிட்டது. நானும் திரும்பப் போய்த் துணுக்கு எடுக்கக் கொடுத்தேன், சோதனை முடிவு வந்தது. இன்னும் புற்றுநோயாக மாறவில்லை, புகையிலையைத் தொட்டால் மாறிவிடும் என்றார்கள். அன்றோடு விட்டேன். இன்னமும் அவ்வப்போது காட்டிவிட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த விளக்கு என் முகத்தில் விழும்போது பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை எனக்குத் தெரியும். அன்று அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திராவிட்டால், சேலையை உதறிக்கொண்டு எழுந்து ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன், சாகும் வரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவும் மாட்டேன்.