தெர்மோஸ்டாட் இல்லாமல் பனிக்கடலுக்குப் போன படகு

படகில் மூன்று பேர் இருந்தோம். கேப்டன் சிவபாலன், யாழ்ப்பாணத்துக்காரர், சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர். பாய் வேலைக்கு ஆரோக்கியம் அண்ணன், கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர். எஞ்சினுக்கு நான். படகின் சொந்தக்காரரான எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, வரவில்லை. பனிக்கடலைப் பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் துபாயிலேயே நின்றுவிட்டார்.

நாற்பது அடிப் பாய்மரப் படகு. துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி, நார்வேயின் வடகோடியில் இறக்கினோம். அங்கிருந்து ஐந்து நாள் வடக்கே. ஜூலை மாதம், சூரியன் வானத்தைச் சுற்றி வந்ததே தவிர மறையவில்லை. எது நேற்று, எது இன்று என்பது டியூட்டி மாறும்போது மட்டும்தான் தெரிந்தது.

ஆறாம் நாள் ஒரு விரிகுடாவுக்குள் நுழைந்தோம். நீலமும் வெள்ளையுமாகப் பனிக்கட்டிகள் மிதந்தன. ஒன்றின் மேல் வால்ரஸ் கூட்டம், மதியச் சாப்பாடு முடிந்த தொழிலாளர் கேம்ப் ரூம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கியது. தூரத்துக் கரையில் ஒரு பனிக்கரடி நடந்தது.

அப்போது காற்று திசை மாறி வடக்கிலிருந்து வீசத் தொடங்கியது. வெளியே கிடந்த பனிக்கட்டிகள் விரிகுடாவின் வாயை நோக்கி நகரத் தொடங்கின. அடைத்துவிட்டால் எத்தனை நாள் உள்ளே கிடப்போம் என்று சொல்ல முடியாது. பனிக்கு நடுவே பாயை நம்ப முடியாது. எஞ்சினில் மெதுவாக ஊர்ந்துதான் வெளியேற வேண்டும். ஆனால் மெதுவாக ஓட்டினால் எஞ்சின் வெள்ளைப் புகை கக்கி அணைந்தது.

"தம்பி, முள்ளு ஏன் ஏறுதில்லை? எஞ்சின் சூடாகவே இல்லை. ஹீட்டரும் குளிர்ந்து கிடக்கு," என்றார் கேப்டன்.

எனக்குக் காரணம் தெரியும். எஞ்சின் சூடாகும்வரை, அதைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரைத் தடுத்து வைப்பது தெர்மோஸ்டாட். கல்ஃபில் கடலே வெந்நீர் என்பதால் எங்கள் படகு ரிப்பேர் யார்டில் அதைக் கழற்றிப் போட்டுவிடுவது வழக்கம். அது எதற்கு என்று டிப்ளமோவில் படித்து, பரீட்சையிலும் எழுதியவன் நான். எங்கள் குடும்பத்தில் அதைப் படித்த முதல் ஆளும் நான்தான். இருந்தும் எல்லோரும் கழற்றினார்கள், நானும் கழற்றினேன்.

"கேப்டன், தெர்மோஸ்டாட் இல்ல. நான்தான் கழட்டினேன். ஸ்பேரும் எடுத்துட்டு வரல."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "சரி. இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லும்."

ஆரோக்கியம் அண்ணன் கம்பால் பனிக்கட்டிகளைத் தள்ளிக்கொண்டே, "இத்தன வருசம் நான் மீன ஐஸ்ல வச்சேன். இப்ப என்னையே ஐஸ்ல வச்சிட்டியேலே!" என்றார்.

கூலன்ட் ஹோஸுக்குள் ஓட்டை போட்ட ஒரு வட்டத் தகடு வைத்தால் ஓட்டம் குறையும், எஞ்சின் சூடாகும். அளவான தகடுதான் இல்லை. அண்ணனின் சாவிக்கொத்தில் ஒரு திர்ஹம் நாணயம் சின்ன உறையில் தொங்கியது. நாணயம் செருகினால்தான் வரும் சூப்பர்மார்க்கெட் டிராலிக்கென்று வைத்திருப்பது.

"அண்ணே, அதக் குடுங்க."

"லேய், டிராலிக்கு என்ன செய்யது?"

"வெளிய போனாத்தான அண்ணே டிராலி!"

எஞ்சினை நிறுத்தினேன். நாணயத்தில் பொறித்த காபிக் கூஜாவின் வயிற்றில் துளை போட்டேன். சின்னதாகப் போட்டால் எஞ்சின் கொதித்துவிடும், பெரிதானால் பயனில்லை. விரல்கள் மரத்திருந்தன. அந்த அமைதியில் சுற்றிலும் பனிக்கட்டிகள் சோடா போலப் பொரிந்தன. அதற்குள் அடைபட்ட பழங்காலத்துக் காற்று வெளியேறும் சத்தம் என்றார் கேப்டன். ஒரு சீல் தலையை நீட்டி, வேலையை மேற்பார்வை பார்ப்பதுபோல என்னையே பார்த்தது.

ஹோஸை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். முள் அசைந்தது. அறுபது. எழுபது. எழுபத்தைந்தில் நின்றது. புகை தெளிந்தது.

"யல்லா, தம்பி," என்றார் கேப்டன். படகின் இருபக்கமும் பனி உரச, மிச்சமிருந்த இடைவெளியில் ஊர்ந்து வெளியே வந்தோம். திரும்பிப் பார்த்தேன். வழி இருந்த இடமே தெரியவில்லை, எல்லாம் வெள்ளையாக இருந்தது.

புதிதாக யார்டுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு பாகத்தைக் கழற்றுமுன், அது எந்தக் கடலுக்காக வைக்கப்பட்டது என்று கேளுங்கள்.

துபாய் திரும்பியதும் அர்பாப் நாங்கள் எடுத்து வந்த படங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு, எஞ்சின் ரிப்பேருக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டார்.

ஒரு திர்ஹம். அதுவும் ஆரோக்கியம் அண்ணனுடையது.