இயற்பியலுக்குப் போகிறவள்

தத்துவம்தான் எல்லாத் துறைகளுக்கும் தாய் என்று எங்கள் கல்லூரி மேடையில் எல்லோரும் பேசுவார்கள். தாய்க்கு யார் சோறு போடுவது என்ற பேச்சு வந்தால் மட்டும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். கணினித் துறைக்குத் தர்க்கம், வணிகவியலுக்கு அறநெறி என்று அவ்வப்போது தத்துவம் நடத்தும் என்னைக் கூப்பிட்டுக்கொள்வதோடு சரி. கறிவேப்பிலைப் பிழைப்பு.

இந்த வருடம் தத்துவத்தில் சேர்ந்த நாலைந்து பேரில் பலரும் ஒவ்வொருவராக வேறு பாடத்துக்குத் தாவிவிட்டார்கள். மிஞ்சியது காவலூர்ப் பக்கத்து மலைக்கிராமத்துப் பெண் ஒருத்திதான். அவளும் இயற்பியலுக்கு மாறப்போகிறாள் என்று தெரிந்தது. அவள் போனால் துறையை மூடிவிடுவோம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். என்னுடையது ஒப்பந்த வேலை. துறை போனால் நானும் போக வேண்டியதுதான். இந்த வயதுக்குமேல் எனக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியில் பஸ் ஏறினேன். வெட்கமாகத்தான் இருந்தது. மலை வளைவுகள் முழுக்க, அவளிடம் எப்படிக் கெஞ்சுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவள் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பாடம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"நீங்க நடத்துனதாலதான் மேடம் போறேன்."

கண்ணால் பார்ப்பதெல்லாம் இருக்கிறது என்று எப்படி நம்புவது என்று வகுப்பில் கேட்டிருந்தேன். அவளுக்குக் காவலூர் வானாய்வகத்தில் தொலைநோக்கி வழியாகப் பார்த்த நட்சத்திரம் ஞாபகம் வந்திருக்கிறது. அந்த வெளிச்சம் கிளம்பி எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று அங்கே சொன்னார்களாம். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாமல் அவளுக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை.

கேள்வி கேட்கப் பழக்குவதுதான் தத்துவம் என்று வருடக்கணக்காகப் பீற்றிக்கொண்டவள் நான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

நீ போனால் எனக்கு வேலை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவாள். அப்படிப்பட்ட பெண். அதனாலேயே வாய் வரவில்லை. நல்லபடியாகப் போய்ப் படி என்று சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பதில் கெடச்சா மொதல்ல உங்க ரூமுக்குத்தான் மேடம் வருவேன். நீங்க அங்கதானே இருப்பீங்க?"

"இருப்பேன்" என்றேன்.