மண்மேட்டில் ஒரு ரோமன்கூட இல்லை

1. பெயர் விளக்கம்

கேரளத்துப் பாறசாலைப் பக்கத்து சுகாதார சப் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆர்டரில் 'ஆக்ஸிலரி நர்ஸ் மிட்வைஃப்' என்றிருந்தது. முதல் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மெடிக்கல் ஆபீசரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. டாக்டராகும் முன் கொஞ்சகாலம் பாதிரியாருக்குப் படித்தவர் அவர். கற்ற லத்தீனை இறக்கி வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

'ஆக்ஸிலியா' லத்தீன் வார்த்தையாம். ரோமாபுரிச் சேனையில், ரோமக் குடிமக்கள் அல்லாத துணைப்படைக்கு அந்தப் பெயர். பிடித்த நாடுகளிலிருந்தே ஆள் எடுப்பார்கள். எல்லைக்காவல் அவர்கள் தலையில். சில சண்டைகளில் அவர்களை முன்னால் நிறுத்திவிட்டு ரோமன் பின்னால் நின்று பார்ப்பான். கால் நூற்றாண்டு சாகாமல் இருந்தால் கடைசியில் குடியுரிமை உண்டு. இப்போது அந்த வார்த்தை நர்சுக்கும் ஒட்டும், தேர்தலில் கூடுதலாக வைக்கும் துணை வாக்குச்சாவடிக்கும் ஒட்டும் என்றார்.

"அப்போ முதல் அடி எங்களுக்காக்கும், இல்லியா சாரே?"

சிரித்தார். மறுக்கவில்லை. பிறகு அரசு எங்கள் பதவிப் பெயரை மாற்றியது. வேலையை மாற்ற மறந்துவிட்டது.

2. பனச்சமூடு பக்கம்

கொரோனா வந்தபோது கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே ஊர்ப்பாதைகளில் மண் கொட்டினார்கள். வைரசுக்கு மேடு ஏற வராது என்று மேலிடத்துக்கு அவ்வளவு நம்பிக்கை. இந்தப் பக்கம் எனக்குக் காய்ச்சல் பார்க்கும் டூட்டி. கூடவே ஒரு கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் பூட்டியதால் பாஸ் பார்க்க அனுப்பப்பட்டவர். அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஹோம்கார்ட் செல்லத்துரை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு.

ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஷீபா என்றொரு பெண், நிறைமாசம், சேலையெல்லாம் ரத்தம். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி எங்கள் பக்கம். ஆம்புலன்சும் எங்கள் பக்கம் நின்றது. நடுவில் மேடு. பாஸ் இல்லாமல் யாரும் தாண்டக் கூடாது.

மூவரும் அவரவர் மேலதிகாரிக்கு போன் அடித்தோம். மூன்று பேரும் மீட்டிங்கில் இருந்தார்கள், எல்லைப் பிரச்சினை பற்றி.

"சிஸ்டரே, ஆர்டர் இல்லாம விட்டா எனக்க தொப்பி போவும்" என்றார் செல்லத்துரை.

"தொப்பி போனா வேற கிட்டும் மக்கா. அவளுக்க உயிரு போனா?"

அவர் ஷீபாவைப் பார்த்தார். அப்புறம் தன் நாற்காலியை ஆட்டோவிடம் இழுத்துப் போட்டார். அவளை அதில் உட்காரவைத்து, வாத்தியாரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். முன்னால் நான் மண்ணில் சறுக்கிச் சறுக்கி அவள் காலைத் தாங்கிக்கொண்டு இறங்கினேன். அப்போதுதான் டாக்டரின் லத்தீன் நினைவுக்கு வந்தது. மூவருமே துணைப்படை. அந்த மேட்டில் ஒரு ரோமன்கூட இல்லை.

ஆபரேஷன் செய்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து போன் வந்தது: விஷயம் பரிசீலனையில் இருக்கிறதாம்.

3. பாராட்டு விழா

நெய்யாற்றின்கரையில் பின்னொரு நாள் 'முன்னணி வீரர்களுக்கு' விழா எடுத்தார்கள். மீட்டிங்கில் இருந்தவர்கள் மேடையில் பொன்னாடையோடு இருந்தார்கள். கூட்டம் அதிகம் என்று நானும் வாத்தியாரும் சுவரோரம் நின்றோம். சிறப்பு விருந்தினர் எங்கள் பழைய டாக்டரேதான். ஆக்ஸிலியாவை ஆதியிலிருந்து விளக்கினார். பிறகு மைக்கை என்னிடம் கொடுக்கச் சொல்லி, துணைப்படைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"குடியுரிமை ஒண்ணும் வேண்டாம் சாரே. இருக்க ஒரு கசேரை போரும்" என்றேன்.

மேடையில் எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவரும் தன் நாற்காலியை விட்டு எழவில்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து ஷீபா எழுந்தாள். இடுப்பில் பிள்ளை, ஒரு கையில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி. எல்லாரையும் இடித்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். நான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

புதிதாக வேலைக்கு வரும் சிஸ்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆபத்தில் மேலிடத்துக்கு போன் அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மற்றக் கை நாற்காலியைப் பிடித்திருக்கட்டும்.