பிணம் சிரித்த படம்

மூக்கில் வைத்த பஞ்சின் கூச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தும்மினால் எல்லாம் கெட்டுவிடுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு, கல்வராயன் மலையில் ஒரு பலாமரத்தடியில் பாடைமேல் படுத்திருந்தேன். பிள்ளைகளே, உங்கள் அப்பா நடித்த ஒரே படம் அது. பேய்ப்படம்.

டைரக்டர், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்த பாய். நடிகர்கள் எல்லாம் அந்தக் கடைக்கு வந்துபோகிறவர்கள்தாம். ஷேர் ஆட்டோ ஓட்டிய எனக்குப் பிண வேஷம் கிடைத்தது. சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடித்துவிட்டால் கெட்டது எதுவும் அண்டாது என்பார்கள். பெரியவன் அப்போது வயிற்றில் இருந்தான். நான் சிரிப்பதைப் படம் பிடிப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றே உங்கள் அம்மா மலைக்கு வந்திருந்தாள்.

அன்று பார்த்து மலையில் கரண்ட் இல்லை. கேமராவில் இருக்கிற சார்ஜ் ஒரு ஷாட்டுக்குத்தான் வரும். வாடகைக் கேமரா, சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"சிரிப்ப நாளைக்கு என் போன்ல எடுத்துக்கலாம் தங்கச்சி," என்றார் பாய்.

"சாவறது இதுல, சிரிக்கிறது அதுலயா? யோவ், எழுந்து வா, வூட்டுக்குப் போலாம்," என்றாள் அம்மா.

"அப்ப மொதல்ல சிரிக்கட்டும்மா, அப்புறம் சாவட்டும்."

"சாவறதுக்கு மின்னாடி யாரு வேணாலும் சிரிப்பாங்கண்ணே. செத்தப்புறம் சிரிக்கணும்."

பாய் தலையைச் சொறிந்தார். "இன்னா பாய், பொணம் படுத்துக்கினே இருக்கட்டுமா, எழுந்துக்கட்டுமா?" என்று நான் கேட்டேன்.

கடைசியில் இரண்டையும் நிறுத்தாமல் ஒரே ஷாட்டாக எடுத்துவிடலாம் என்றார். செத்துக் கிடந்தேன். அவர் தொண்டையைச் செருமியதும் கண்ணைத் திறந்தேன். கேமராவுக்கு நேர் பின்னால் அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தேன். கேமரா அணைந்துபோனது.

சிரிப்பை வெட்டிவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்த ஒருவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாராம். பாய் அப்படியே வைத்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் படம் போட்ட அன்று, அந்த இடம் வந்ததும் ஜனங்கள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள்.

பெண்டாட்டியைப் பார்த்து ஒருவன் ஆசையாகச் சிரித்தால் ஊரே ஏன் நடுங்குகிறது? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இப்போது போனில் பார்க்கும்போதுகூட நீங்கள் கண்ணைப் பொத்திக்கொள்கிறீர்கள். அம்மா மட்டும் நான் பிணமாய்க் கிடக்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சிரித்த பிறகுதான் மூச்சு விடுவாள்.