இரண்டு கதவு வைத்த லயத்து வீடு

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் களைக்கொல்லி அடிப்பவர் அவர். மருந்து டேங்க் சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கியிருந்தது. மகளுக்கு மூச்சிழுப்பு. அதனால், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் தன் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு போட்டிருந்தார். வெளிக்கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றி, கைகால் கழுவிய பிறகுதான் உள்கதவைத் திறப்பார். மகள் அழுதுகொண்டு கூப்பிட்டாலும் அப்படித்தான்.

நான் போன அன்று எதிர் மலையில் மற்றவர்கள் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கதவையும் தாண்டி உள்ளே வந்தும் வாடை மூக்கில் ஏறியது. அண்ணாந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரை போகவில்லை.

"பக்கத்துல கதவச் சாத்தச் சொல்லலாமேங்க?"

"அடுப்பு எரியுதுங்க. சாத்துனா அவங்க புள்ள இருமும்."

என்னை வழியனுப்பும்போதும் அவர் உள்கதவை இழுத்துச் சாத்தி, ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கதவைத் திறந்தார்.