கிருஷ்ணப்பன் களத்துக் குழி

கரியப்பனின் ஊர் சூளகிரியிலிருந்து தெற்கே நாலு மைல். அந்த ஊரில் ராகியை வீட்டுக்குள் வைப்பதில்லை. சரளை கலந்த மொரம்பு மண்ணில் பெரிய பானை மாதிரி குழி வெட்டி, சுவரெல்லாம் வைக்கோல் கொடுத்து, ராகியை உள்ளே கொட்டி, வாயைக் கல்பலகையால் மூடி மண் பூசிவிடுவார்கள். எலி போகாது, பூச்சி போகாது. பத்து வருஷம் கழித்துத் திறந்தாலும் நடுவில் இருக்கும் ராகி அப்படியே இருக்கும்.

அந்தக் குழிகளில் இறங்குவதுதான் கரியப்பனின் வேலை. நிரப்பும்போது உள்ளே நின்று பரப்பிவிடுவார். திறக்கும்போது இறங்கி அள்ளிக் கொடுப்பார். குழி வாயில் ஒரு ஆள்தான் நுழைய முடியும். மேலே இருப்பவர்களுக்கு இருட்டைத் தவிர எதுவும் தெரியாது. கீழிருந்து அவர் கூப்பிட்டுச் சொல்லும் அளவை ஊர் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒருவரோடு ஒருவர் பேசாத பங்காளிகள்கூட அவர் சொன்ன அளவை வைத்துத்தான் பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

மூடிக் கிடந்த குழியில் கெட்ட காற்று நிற்கும். அதனால் பலகையை எடுத்த பின் ஒரு பகல் ஒரு ராத்திரி அதைத் திறந்தே போட வேண்டும். பிறகு ஒரு தகர விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். விளக்கு அடிவரை எரிந்தால் ஆள் இறங்கலாம். இதில் கரியப்பன் யாருக்காகவும் அவசரப்பட்டதில்லை. இடுப்புக் கயிற்றின் மறுமுனையை அவருடைய மைத்துனன் கங்கப்பன் பிடிப்பான். அந்தத் தொழிலில் கயிறு எப்போதும் பெண்டாட்டியின் தம்பி கையில்தான் இருக்கும். அக்காளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, அவன் விடமாட்டான்.

ஒரே ஒரு தடவை கயிறு வேறு ஆள் கையில் இருந்தது. அது ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம்.

இரண்டு வருஷம் மழை இல்லாத காலம் அது. கிருஷ்ணப்பன் அப்போது தாலுகாவில் கட்சித் தலைவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போனவர், ஊருக்குப் பள்ளிக்கூடம் கொண்டுவந்தவர். அவர் பெயரைச் சொல்லித்தான் ஊரில் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். அதற்காக லாரியில் ராகி வந்தது. பதினோரு நாள் கஞ்சி ஊற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் அடுப்பு மூட்டவில்லை. மேலே இருந்து வரவில்லை என்றார் கிருஷ்ணப்பன். ஊர் நம்பியது.

அன்று மத்தியானம் அவருடைய களத்தில், வேலிக் கதவைச் சாத்திவிட்டு, கரியப்பன் நாற்பது மூட்டை ராகியைக் குழியில் பரப்பினார். கயிறு பிடித்தது கிருஷ்ணப்பனின் மேஸ்திரி ராமப்பன். விதை ராகி என்று சொன்னார்கள். மூட்டையின் முத்திரையைப் பார்த்ததுமே அது கஞ்சித் தொட்டி ராகி என்று கரியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. கூலியாக ஒரு மூட்டை கொடுத்தார்கள். அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள். வாங்கிக்கொண்டார்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத" என்று மனைவி சென்னம்மாவிடம் சொன்னார். "சூளகிரியில கூலி வேல செஞ்சி வாங்குனன்."

கங்கப்பன் வீடு நாலு வீடு தள்ளி இருந்தது. அவனுக்கும் நஞ்சம்மாவுக்கும் இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. கஞ்சி நின்ற பதினெட்டாம் நாள் அது செத்துப்போனது. குழந்தையைப் புதைக்கக் குழி வெட்டியதும் கரியப்பன்தான்.

மழை வந்தது. மைசூர் சீமைக்குக் கடத்தி விற்கத்தான் கிருஷ்ணப்பன் அந்த ராகியை வைத்திருந்தார். ஆனால் எல்லையில் ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் கெடுபிடி அதிகம். பிறகு விலையும் விழுந்தது. எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயத்தில் அது குழியிலேயே கிடந்தது. நாலு வருஷம் கரியப்பன் அந்தக் களத்து வழியாகப் போவதைத் தவிர்த்து, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

ஐம்பத்தேழு தை மாதம் விஷயம் வெளியே வந்தது. நம் பக்கம் மதுவிலக்கு. ராமப்பன் சாராயம் குடிக்க ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போவான். அங்கே ஒருநாள் போதையில், கஞ்சித் தொட்டி ராகி எங்கள் களத்தில்தான் தூங்குகிறது என்று சொல்லிவிட்டான். மூடியது யார் என்று கேட்டார்கள். தூரத்துக் கல்லாவி ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்ததாக அந்தப் போதையிலும் ஒரு பொய் சொன்னான். சொன்னது மூன்றே நாளில் ஊருக்கு வந்து சேர்ந்தது.

மாசியில் தேர்தல். கிருஷ்ணப்பன் வேட்பாளர் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. டீக்கடைச் சுவரில் இருந்த அவர் படத்தில் யாரோ சாணி அடித்தார்கள். கட்சிக் கொடி கட்டிய வண்டி வந்தால் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"போன தடவ பெட்டி மேல ஒட்டின படத்தப் பாத்து சீட்டப் போட்டோம்" என்றான் கடையில் ஒருவன். "பெட்டிக்குள்ள என்னா கெடக்குதுன்னு எவன் பாத்தான்?"

"கட்சி நல்ல கட்சிதாம்பா. ஆளுதான் சரியில்ல."

"ஆள வுட்டுட்டுத் தனியா கட்சின்னு ஒண்ணு எங்க இருக்குது? கூட்டிக்கிட்டு வா, நான் பாக்கறன்."

கல்லாவி ஆளெல்லாம் பொய், நம் ஊர்க் கரியப்பனே மூடியிருப்பான் என்று ஒருவன் சொன்னபோது கங்கப்பன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங் கையில கயிறு இல்லாம எங்க மாமா எறங்கமாட்டாரு. இன்னொரு தடவ சொன்னா பல்லு இருக்காது" என்றான். கரியப்பன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்.

கிருஷ்ணகிரியிலிருந்து கட்சியின் இரண்டு பேர் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் விசாரிக்க வருவதாகச் செய்தி வந்தது. வியாழக்கிழமை காலையில் கிருஷ்ணப்பன் கரியப்பனைத் தேடிக் கொல்லைக்கே வந்தார். கூட ராமப்பன்.

"நாளைக்கி குழியத் தொறந்து காட்டறன்னு சொல்லிட்டன் கரியப்பா. நீதான் எறங்கோணும். பழைய உமிதான் கெடக்குதுன்னு கீழ இருந்து ஒரு வார்த்த சொல்லு. அவங்க மத்தியான பஸ்ஸுக்குப் போயிருவாங்க."

"இன்னிக்கே தொறக்கோணும் ஐயா. ஒரு நாள் காத்து வாங்காம எறங்க முடியாது."

"தொறந்து போட்டா ராத்திரியெல்லாம் ஊரே எட்டிப் பாக்கும். நாளைக்கித்தான்." கொஞ்சம் நின்றார். "நான் தனியா மாட்டிக்கமாட்டன் பாத்துக்க. உம் மச்சினன் என்ன வெட்டுவானோ இல்லியோ, உன்ன வெட்டுவான்."

அவர் போன பிறகு ராமப்பன் மட்டும் பின்தங்கி, "கயிறு வேணும்னா நானே பிடிக்கறன்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை களத்தில் ஊரே நின்றது. கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் கதர்த் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்டவர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பலகையை நெம்பி எடுத்ததும் புளித்த வாடை அடித்தது. யாரோ ஒரு மூங்கிலை உள்ளே விட்டுக் குத்தினார்கள். மெத்தென்று எதிலோ தட்டியது.

"பழைய உமி" என்றார் கிருஷ்ணப்பன்.

கரியப்பன் விளக்கை ஏற்றி இறக்கினார். இரண்டு முழம் போவதற்குள் சுடர் சிறுத்து, நீலமாகி, அணைந்தது. அவர் அதை மேலே எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"இன்னிக்கி ஆகாது. நாளைக்கித்தான்."

"பஸ் பன்னெண்டரைக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது. "நாளைக்கின்னா? ராத்திரியில அள்ளிக்கிட்டுப் போறதுக்கா?"

"எவ்வளவு குடுத்தாரு கரியப்பா, விளக்க அமத்தறதுக்கு?"

கஞ்சி நின்ற நாளிலிருந்து காத்திருந்தவர்கள் அவர்கள். காத்திரு என்று யார் சொன்னாலும் அது ஏமாற்றுவதற்கான பேச்சு என்றே அவர்களுக்குக் கேட்டது. அவசரப்படுத்தியதில் அன்று தலைவரும் ஜனங்களும் ஒரே பக்கம் நின்றார்கள்.

கங்கப்பன் முன்னால் வந்தான். கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் கட்டினான். "நீங்க கயிறு பிடிங்க மாமா. நான் போய்ப் பாக்கறன். எம் புள்ள வவுத்துக்குப் போவவேண்டியது உள்ள இருக்குதா இல்லியான்னு நாந்தான் பாக்கோணும்."

"கங்கா, விளக்கு அமந்துபோச்சிடா."

"மூச்ச அடக்கிக்கறன்." காலைக் குழிக்குள் தொங்கவிட்டுக் குழி வாயில் உட்கார்ந்தான்.

கயிற்றின் முனை கரியப்பன் கையில் இருந்தது. எதிரே நஞ்சம்மா நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் சென்னம்மா, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றாள். கட்டிலுக்குப் பின்னால் நின்ற கிருஷ்ணப்பன் கரியப்பனையே பார்த்தார்; போகட்டும் விடு என்பதுபோலச் சின்னதாகத் தலையசைத்தார். உள்ளே போனால் கங்கப்பன் திரும்பி வந்து எதுவும் சொல்லமாட்டான் என்று அங்கே உறுதியாகத் தெரிந்தவர் கரியப்பன் ஒருவர்தான். அது தெரிந்தும் ஒரு மூச்சு விடும் நேரம் அவர் பேசாமல் நின்றார். அந்த ஒரு மூச்சைப் பிற்காலத்தில் அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

"எறங்காத" என்றார். "உள்ள ராகி இருக்குது. நாப்பது மூட்ட. மூடினது நான்."

கங்கப்பன் காலை மேலே எடுத்து, இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். அவிழ்க்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் பேசியது கிருஷ்ணப்பன். "கேட்டுக்கிட்டீங்களா? அவனே சொல்றான், அவன்தான் மூடினானாம். எனக்குத் தெரியாம எங் களத்துல." கண்ணாடிக்காரர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் முகம் தெளிந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் இப்போது கிருஷ்ணப்பனை விட்டுவிட்டுக் கரியப்பனைப் பார்த்தார்கள்.

அன்று யாரும் களத்தை விட்டுப் போகவில்லை. கட்சிக்காரர்களையும் பஸ்ஸுக்குப் போக விடவில்லை. சனிக்கிழமை காலையில் விளக்கு அடிவரை எரிந்தது. கரியப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையைத் தரையில் போட்டுவிட்டு நின்றார். ராமப்பன் ஓரடி முன்னால் வைத்தான். கங்கப்பன் குனிந்து கயிற்றை எடுத்தான்.

கீழே ராகி சுவரோரம் மட்டும் கட்டிதட்டிக் கறுத்திருந்தது. நடுவில் கையை விட்டபோது வழவழவென்று ஓடியது. நல்ல ராகி. கூழ் காய்ச்சினால் இன்றைக்கும் குடிக்கலாம். அவர் நாலு பக்கமும் முழம் போட்டார். "முப்பத்தெட்டு மூட்ட நல்லது, ரெண்டு கெட்டது" என்று கூப்பிட்டுச் சொன்னார். மேலே நஞ்சம்மா அழுவது கேட்டது. அதற்கு நடுவே கண்ணாடிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்து பேசுவதும் காதில் விழுந்தது. "கிருஷ்ணப்பன் வேணாம். மருமகன் இருக்காரு, படிச்சவரு. கொடிக்கு ஒண்ணும் ஆகாது."

கரியப்பன் கயிற்றை இரண்டு தடவை ஆட்டினார். மேலே இழு என்று அர்த்தம். கயிறு நகரவில்லை. கிளறிய ராகியிலிருந்து புளித்த வாடை எழுந்தது. விளக்கின் சுடர் ஒரு விரல் அளவு இறங்கியது. அவர் மறுபடி ஆட்டவில்லை; கூப்பிடவும் இல்லை.

பிறகு கயிறு இறுகியது. பாதி உயரத்தில் அது நின்றது. அவர் அந்தரத்தில் தொங்கினார். குழி வாயில் கங்கப்பனின் தலை தெரிந்தது.

"அன்னிக்கி கயிறு யாரு மாமா பிடிச்சது?"

"ராமப்பன்."

"அவங்கிட்ட உசுரக் குடுத்த. எங்கிட்ட ஒரு வார்த்த குடுக்கல."

மேலே கொண்டுவந்து சேர்த்தான். இடுப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்து, சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

ராகியைக் கட்சிக்காரர்கள் விசாரணைக்கு என்று லாரியில் ஏற்றிப் போனார்கள். அது என்ன ஆனது என்று ஊருக்குத் தெரியவில்லை. கிருஷ்ணப்பன் உடம்பு சரியில்லை என்று ஒதுங்கினார். தாலுகாத் தலைவர் நாற்காலியில் அவர் மருமகன் உட்கார்ந்தார். ராமப்பன் அதே களத்தில் மேஸ்திரியாகவே இருந்தான். மாசியில் பெட்டி வைத்தபோது ஊரில் முக்கால்வாசிப் பேர் போகவில்லை.

கங்கப்பன் கரியப்பனோடு பேசவில்லை. கயிறு பிடிக்க ஆள் இல்லாததால் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் கல் உடைக்கப் போனார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மழை தப்பியது; ஊரில் மறுபடி கஞ்சித் தொட்டி வைத்தார்கள்.

ஐம்பத்தொன்பது தை மாதத்தில் ஒருநாள் உச்சி வேளை. ராமப்பன் தோளில் புதுக் கயிற்றோடு கரியப்பன் வாசலில் வந்து நின்றான்.

"ஐயாவோட மாப்பிள கூப்பிடறாரு. களத்துல வேல. கயிறு நான் பிடிக்கறன்."

"தொறக்கவா, மூடவா?"

ராமப்பன் கயிற்றைத் தோள் மாற்றிப் போட்டான். உள்ளே அடுப்படியிலிருந்து சென்னம்மா எட்டிப் பார்த்தாள்.

கரியப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். ராமப்பனைத் தாண்டி, களத்துக்கு எதிர்ப் பக்கமாக, நாலு வீடு நடந்தார். கங்கப்பன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் நின்றார்.

"கங்கா" என்றார். "மறுபடியும் மூடறாங்க."

உள்ளே சுவர் ஆணியிலிருந்து கயிற்றை எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கங்கப்பன் வெளியே வந்து அவரைப் பார்க்காமல் தாண்டிப் போனான். ஒரு தோளில் பழைய கயிறு, மறு கையில் கடப்பாரை. அவன் பின்னால் நஞ்சம்மா. அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர், அதற்கடுத்த வீட்டிலிருந்து நாலு பேர் சேர்ந்தார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தெருவில் நின்றிருந்த ராமப்பன் புதுக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தான்.