செலீனின் பன்னிரண்டு மணி

செலீன் கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் குடியிருந்து மிசிசாகாவில் வேலை செய்பவள். மருந்துகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் ஒரு கொம்பனியில், எந்தப் பெட்டி எந்த லொறியில் ஏறியது என்று கணினியில் பதிகிற வேலை. பதினொரு வருடமாக அதே மேசை. மன்னார் பேசாலையில் அவளுடைய தாய் பேர்ணடெற் தனியாக இருந்தார். கணவன் ஜூலியனோடு வீடு வாங்கிய நாளிலிருந்து கீழ்த்தளத்து அறையைச் செலீன் ஒருவருக்கும் வாடகைக்கு விடவில்லை. கேட்டவர்களிடம், "அம்மா வருவா" என்று மட்டும் சொன்னாள்.

பெற்றோரை நிரந்தரமாகக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்கான அரசாங்க விண்ணப்பம் அந்த ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்கு இணையத்தில் திறப்பதாக இருந்தது. முந்துகிறவர்களுக்குத்தான் இடம், நிரம்பியதும் மூடிவிடுவார்கள். வீட்டு இன்டர்நெற் அடிக்கடி அறுந்துபோவதால் வேலையிடத்திலேயே நிரப்ப நினைத்தாள். மேலாளர் மாக்கஸும் சம்மதித்தார். நேரத்துக்கு முன் தட்டினால் பக்கம் வெளியே தள்ளிவிடும் என்று யாரோ சொல்லியிருந்ததால், பன்னிரண்டு ஆகும்வரை எதையும் தொடுவதில்லை என்று இருந்தாள்.

அவளுடைய மேசை இருந்த மருந்துக் களஞ்சியத்துக்குள் வேலையாட்கள் கைபேசி கொண்டுபோகக்கூடாது. அன்று சுவர் மணிக்கூடு பன்னிரண்டு ஐந்து காட்டியது. அது எப்போதும் முந்தி ஓடுவதாக எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். கணினியின் மூலையில் பதினொன்று ஐம்பத்தெட்டு. செலீன் கணினியை நம்பினாள்.

அது பன்னிரண்டைக் காட்டியதும் தட்டினாள். விண்ணப்பங்கள் நிரம்பிவிட்டன என்று ஒரு வரி வந்தது. திரும்பவும் தட்டினாள். அதே வரி.

பின்னேரம், கணினிகளைப் பழுதுபார்க்கிற கஜீவன் வந்தான். அஜக்ஸ் என்ற ஊரிலிருந்து வருகிறவன், அவளைவிடப் பத்து வயது இளையவன். செலீன் அவனிடம் நடந்ததைச் சொன்னாள். வேலைக்காக அவனுக்கு மட்டும் உள்ளே அனுமதித்திருந்த கைபேசியைக் கணினிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தவனின் முகம் மாறியது.

"அக்கா, இது ஏழு நிமிசம் பிந்தி நிக்குது."

"கொம்பியூட்டர் பிந்துமோ?"

"பிந்தும். சரியான நேரம் சொல்லுறதுக்கெண்டே இன்டர்நெற்றில சேவர் எண்டு வேற ஒரு கொம்பியூட்டர் இருக்கு. எங்கட கொம்பியூட்டர் இடைக்கிடை அதிட்டைக் கேட்டுத் தன்ரை நேரத்தைத் திருத்திக்கொள்ளும். செப்டெம்பரில நான் நெற்வேர்க்கை மாத்தேக்க அந்த வழியை மூடிப்போட்டன். மற்றதெல்லாம் வேலை செய்தபடியா கவனிக்கேல்லை. அண்டையிலயிருந்து இது நாளுக்கு நாலு செக்கன் பிந்தியிருக்கு." அவன் தலை குனிந்தான். "பிழை என்ரை, அக்கா."

"நீர் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே" என்றாள் செலீன். சற்றுப் பொறுத்து, "ஏழு நிமிசம் முந்தித் தட்டியிருந்தால் கிடைச்சிருக்குமோ?"

"தெரியாது, அக்கா."

அவன் மூடிய வழியைத் திறந்துவிட்டான். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே மூலையிலிருந்த எண் ஏழு நிமிடம் தாவியது. செலீன் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்சப் பெட்டிகளைப் பதிந்தாள்.

தாயிடம், "இந்த முறை சரிவரேல்லை, அம்மா" என்றாள். ஏழு நிமிடக் கதையைச் சொல்லவில்லை.

அடுத்த முறை குலுக்கல் என்று மாற்றினார்கள். யார் எந்த நேரத்தில் தட்டினாலும் ஒன்றுதான். அவளுடைய பெயர் விழவில்லை. அதற்கடுத்த முறையும் விழவில்லை. கீழ்த்தளத்து அறைக்குச் சனிக்கிழமைகளில் போய்க் கட்டில் விரிப்பை உதறிப் போட்டு, அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே வருவாள்.

இந்த வருடம் சித்திரையில் மாக்கஸிடம் லீவு கேட்டாள். இரண்டு கிழமைதான் வழக்கம். அவர் நாலு கிழமை தந்தார். வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே தாய்க்கு அழைத்தாள்.

"ஆடியில நான் வாறன், அம்மா. இருபத்தெட்டு நாள் நிப்பன்."

தாய், "வா பிள்ளை. சொக்லேற், சாமான் எண்டு சுமந்துகொண்டு வராதை. இஞ்ச வந்து என்னோட இருந்தால் எனக்கு அதுவே காணும்" என்றார்.

"ஓம், அம்மா" என்றாள் செலீன்.